அடைத்த முகமும் ஏழு துளையும்: காவிரிப் படுகைத் துளைக்கருவிகளின் ஒலியியல் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

குழாயினுள் அடைபட்ட காற்று நிலையலையாக அதிரும்போது, அக்குழாயின் முனைகள் திறந்தவையா மூடியவையா என்பதைப் பொறுத்து அதன் சீரிசைகள் அமைகின்றன. தஞ்சாவூரை உள்ளிட்ட காவிரிப் படுகையில் வழங்கிவரும் புல்லாங்குழல், நாகசுரம், கிளாரினெட் ஆகிய மூன்று துளைக்கருவிகளை இவ்விதியின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. அடியார்க்குநல்லார் உரை தரும் குழலின் அளவுகள், நரசிங்கம்பேட்டையில் திமிரி நாகசுரம் பாரி நாகசுரமாக நீண்ட வரலாறு, சதிர் மேளத்தில் கிளாரினெட்டின் வருகை ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. கண்ணுக்குத் தெரியும் அடைப்பு வேறு, ஒலியியல் நோக்கிலான அடைப்பு வேறு என்பதும், ஏழு துளைகளில் ஏழு சுரங்களையும் அமைக்கும் மரபு குழாயின் உள்வடிவத்தைச் சார்ந்தே நிலைபெற்றது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: துளைக்கருவி, நிலையலை, சீரிசை, நாகசுரம், நரசிங்கம்பேட்டை, அடியார்க்குநல்லார், தாயி.

1. முன்னுரை

தமிழிசை ஆய்வில் நரம்புக்கருவிகள் பெற்ற இடத்தைத் துளைக்கருவிகள் பெறவில்லை. தஞ்சாவூரில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' சுருதிகளின் எண்ணிக்கையை விரிவான கணக்குகளால் ஆராய்ந்தது. விபுலாநந்த அடிகளின் 'யாழ் நூல்' 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை வெளியிட்டது. அந்நூலின் நடுப்பொருள் நரம்பு. சி. வி. இராமனின் புகழ்பெற்ற இந்திய இசைக்கருவி ஆய்வுகளும் மிருதங்கம், தபலா, தம்புரா, வீணை ஆகியவற்றையே பொருளாகக் கொண்டன.

இதற்குக் கருவியின் இயல்பும் ஒரு காரணம் ஆகும். நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் சுரம் ஒரு தாயி உயர்கிறது. மூன்றில் இரு பங்காக்கினால் குரல் இளியாகிறது. அளவுகோலும் கணக்கும் பெரும்பாலும் உடன்படுகின்றன. குழாயில் அவ்வாறில்லை. காற்றுத்தம்பம் குழாயின் விளிம்போடு முடிந்துவிடாமல் சற்றே வெளியே நீள்கிறது. துளையின் அகலம், சுவரின் தடிப்பு, உதட்டின் அழுத்தம், காற்றின் வெப்பம் ஆகிய அனைத்தும் சுரத்தை மாற்றுகின்றன. எனவே துளைக்கருவியின் நுட்பம் நூலறிவாகப் பதிவுபெறாமல், பெரும்பாலும் கருவி செய்வோரின் கையறிவாகவே நிலைத்தது. அக்கையறிவை ஒலியியல் விதிகளோடு ஒப்புநோக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

2. குழாயில் நிலையலை: மூன்று வகை

குழாயின் ஒரு முனையிலிருந்து செல்லும் ஒலியலை மறுமுனையில் எதிரொலித்துத் திரும்புகிறது. செல்லும் அலையும் திரும்பும் அலையும் கூடும்போது, சில இடங்களில் காற்றுத் துகள்கள் அசைவற்றும் சில இடங்களில் பேரளவில் அசைந்தும் நிற்கும் நிலையலை உருவாகிறது. அசைவற்ற இடம் கணு. மிகுதியாக அசையும் இடம் எதிர்க்கணு. மூடிய முனையில் துகள் அசைய இயலாதாகையால் அங்குக் கணு அமையும். திறந்த முனையில் எதிர்க்கணு அமையும்.

இருபுறமும் திறந்த உருளைக் குழாயில் அடிப்படை அதிர்வெண்ணின் 1, 2, 3, 4 மடங்குகள் என எல்லாச் சீரிசைகளும் தோன்றும். ஒருபுறம் மூடிய உருளைக் குழாயில் அடிப்படை அதிர்வெண் அதன் பாதியாகக் குறைவதோடு, 1, 3, 5 என ஒற்றைப்படைச் சீரிசைகள் மட்டுமே தோன்றும். இவ்விரு வகைகளும் பாடநூல்களில் இடம்பெறுவன. மூன்றாவது வகை, குறுகிய முனை மூடிய கூம்புக் குழாய். கூம்பில் அலை கோள அலையாக விரிவதால், ஒருபுறம் மூடியிருந்தும் அது திறந்த உருளையைப் போன்றே எல்லாச் சீரிசைகளையும் தருகிறது.

ஒரே நீளமுடைய மூன்று குழாய்களை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். காற்றின் வெப்பநிலை 30 பாகை செல்சியஸ், ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர், காற்றுத்தம்பத்தின் பயனுறு நீளம் 60 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். திறந்த உருளை ஏறத்தாழ 291, 582, 873 ஹெர்ட்ஸ் என ஒலிக்கும். ஒருபுறம் மூடிய உருளை 145, 436, 727 ஹெர்ட்ஸ் என ஒலிக்கும். நுனிவரை நிறைவுற்ற மூடிய கூம்பு 291, 582, 873 ஹெர்ட்ஸ் என மீண்டும் திறந்த உருளையின் வரிசையையே தரும்.

ஐரோப்பாவில் டேனியல் பெர்னூலி 1760களில் ஆர்கன் குழாய்களை முன்வைத்து இக்கணக்கை வகுத்தார். திறந்த முனையில் காற்றுத்தம்பம் வெளியே நீள்வதால் தேவைப்படும் முனைத்திருத்தத்தை 1860 அளவில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கோட்பாட்டளவில் விளக்கினார். 1877இல் வெளிவரத் தொடங்கிய ரேலேயின் ஒலியியல் நூல் இவற்றை ஒருங்கு தொகுத்தது. இம்மூவகைக் குழாய்களும் காவிரிப் படுகையில் இசைக்கருவிகளாகவே கிடைக்கின்றன: புல்லாங்குழல் திறந்த உருளை; நாகசுரம் மூடிய கூம்பு; கிளாரினெட் மூடிய உருளை.

3. அடியார்க்குநல்லார் தரும் குழல்

சிலப்பதிகார அரங்கேற்று காதை உரையில் அடியார்க்குநல்லார் குழலின் அமைப்பை அளவுகளோடு விளக்குகிறார். அவ்வுரையோடு கூடிய சிலப்பதிகாரத்தை உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தபோது, 1892இல் பதிப்பித்தார். மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி ஆகியவை குழலுக்குரிய பொருள்களாக உரையில் கூறப்படுகின்றன. குழலின் நீளம் 20 விரல். சுற்றளவு 4½ விரல். இடமுகம் வெண்கல அணைசால் அடைக்கப்படும், வலமுகம் திறந்திருக்கும். அடைத்த முகத்திலிருந்து 2 விரல் விட்டு முதல்வாய். அதிலிருந்து 7 விரல் விட்டு, வலமுகத்தில் 2 விரல் நீக்கி, இடைப்பட்ட 9 விரலில் 8 துளைகள். அவற்றுள் ஏழனை ஏழு விரல்களால் மூடித் திறந்து வாசிப்பர். 2, 7, 9, 2 ஆகிய நான்கு பகுதிகளும் சேர்ந்து 20 விரலாக நிறைவதால் இவ்வளவுகள் தம்முள் முரணற்றவை.

இங்கு எழும் வினா: இடமுகம் அடைக்கப்பட்ட இக்குழல் மூடிய குழாயா? சொல்லளவில் அவ்வாறே தோன்றும். ஒலியியல் நோக்கில் விடை வேறு. வாசிப்பவரின் மூச்சு முதல்வாயின் விளிம்பில் மோதி உள்ளும் வெளியுமாக ஊசலாடுகிறது. முதல்வாய் எப்போதும் வெளிக்காற்றோடு தொடர்புடையதாகையால் அங்கு எதிர்க்கணு அமைகிறது. எனவே காற்றுத்தம்பத்தின் தொடக்கம் முதல்வாய். முடிவு வலமுகம் அல்லது திறந்துள்ள முதல் துளை. இரு முனையும் திறந்தவையே. அடைத்த முகத்திற்கும் முதல்வாய்க்கும் இடைப்பட்ட 2 விரல் இடம் சுருதி ஒழுங்கைச் சிறிதளவு திருத்தும் சிற்றறையாக மட்டுமே பயன்படுகிறது.

இதனைக் கணக்காலும் சோதிக்கலாம். ஒரு விரலை ஏறத்தாழ 1.9 சென்டிமீட்டர் எனக் கொண்டால், முதல்வாயிலிருந்து வலமுகம் வரையுள்ள 18 விரல் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர். இருமுனையும் திறந்த குழாயாகக் கணக்கிட்டால் அடிப்படை அதிர்வெண் 510 ஹெர்ட்ஸுக்கு அருகில் வரும். முதல்வாயிலும் வலமுகத்திலும் முனைத்திருத்தத்தைச் சேர்த்தால் அது 450 ஹெர்ட்ஸ் அளவுக்குத் தாழும். விரலளவு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் இவ்வெண்ணைத் துல்லியமான சுருதியாகக் கொள்ளலாகாது; கையடக்கமான ஒரு குழலுக்குரிய ஒலியெல்லையில் அது அமைகிறது என்பதே இதன் பயன். மூடிய குழாயாகக் கொண்டால் அதிர்வெண் இதில் பாதியாகும்; அதனினும் முக்கியமாக, வன்மையாக ஊதும்போது தாயி கிடைக்காது. முதலில் கிடைக்கும் மேற்சுரம் மூன்றாம் சீரிசையாகிய மேல்தாயி இளியாகவே இருக்கும். அந்நிலையில் அடுத்த தாயிக்கு அதே ஏழு துளைகளை அதே முறையில் பயன்படுத்த இயலாது. ஆகவே ஏழு விரல் என்னும் உரைச்செய்தியே, அக்குழல் ஒலியியல் நோக்கில் திறந்த குழாய் என்பதற்கு அகச்சான்றாகிறது.

மெலிவு, சமன், வலிவு என்னும் தமிழ்த் தாயிப் பெயர்களும் இவ்விடத்தில் எண்ணத்தக்கவை. ஒரே விரலமைப்பில் மூச்சின் வன்மையை மிகுத்தால் சுரம் இரண்டாம் சீரிசைக்குத் தாவி வலிவுத் தாயியை அடைகிறது. இப்பெயர்கள் குழலிலிருந்தே பிறந்தன எனத் துணிய வேண்டியதில்லை. ஆயினும் குழல் வாசிப்பின் இயல்போடு அவை பொருந்துகின்றன.

அணைசு என்னும் சொல்லின் வழக்கும் கருதத்தக்கது. உரையில் அது குழலின் இடமுகத்தை அடைக்கும் வெண்கலப் பூணைக் குறிக்கிறது. இன்றைய நாகசுர வழக்கில் கருவியின் அகன்ற திறந்த முனையில் பொருத்தப்படும் பகுதி அணசு எனப்படுகிறது. அடைப்பதற்கும் விரிப்பதற்கும் ஒரே சொல் வழங்குவது, அச்சொல் ஒலியியல் பணியை அன்றி முகத்தில் பொருத்தப்படும் உறுப்பு என்னும் பொருளையே தாங்கிவருவதைக் காட்டுகிறது. 'அடைத்தல்' என்னும் உரைச்சொல்லிலிருந்து நேரடியாக 'மூடிய குழாய்' என்னும் இயற்பியல் முடிவுக்குச் செல்லலாகாது என்பதற்கு இதுவும் துணைநிற்கிறது.

4. நாகசுரம்: சீவாளியால் மூடிய கூம்பு

கும்பகோணம் – மயிலாடுதுறைச் சாலையில், ஆடுதுறைக்கும் திருவாவடுதுறைக்கும் அண்மையில் உள்ள நரசிங்கம்பேட்டை நாகசுரம் செய்யும் ஊராகப் புகழ்பெற்றது. ஆச்சா மரத்தில் உளவு கடையப்படுகிறது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், நெடுங்காலம் காய்ந்து இறுகிய ஆச்சா உத்திரங்களைக் கைவினைஞர் விரும்பித் தேர்கின்றனர். ஈரம் முற்றும் நீங்கிய மரத்தில் கடைந்த உள்வடிவம் பின்னர் எளிதில் திரிவதில்லை. உள்வடிவமே சீரிசையைத் தீர்மானிப்பதால் இத்தேர்வு ஒலியியல் அடிப்படையிலும் பொருத்தமானது.

உளவு மேலே குறுகிக் கீழே அகன்ற கூம்பு. குறுகிய முனையில் கெண்டையும் அதன்மேல் சீவாளியும் அமைகின்றன. சீவாளி நாணல் இனத் தட்டையால் ஆவது. அதன் இரு இதழ்களும் மூச்சின் அழுத்தத்தால் நொடிதோறும் பலநூறு முறை மூடித் திறக்கின்றன. அழுத்தம் மிகுந்து அசைவு குறைந்த இடமாகையால் அம்முனை மூடிய முனையாகும். குழலில் கண்ணுக்கு மூடியதாகத் தோன்றியது திறந்த குழாயாயிற்று. நாகசுரத்திலோ இருபுறமும் துளையுடையதாகத் தோன்றுவது மூடிய குழாயாகிறது. ஆயினும் உள்வடிவம் கூம்பாகையால் எல்லாச் சீரிசைகளும் கிடைக்கின்றன. வன்மையாக ஊதினால் தாயி கிடைக்கிறது. அதே ஏழு விரல்துளைகள் அடுத்த தாயிக்கும் பயன்படுகின்றன.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. கூம்பின் நுனி வெட்டப்பட்டே கெண்டை பொருத்தப்படுகிறது. வெட்டப்பட்ட நுனியின் கொள்ளளவுக்குச் சீவாளியும் கெண்டையும் ஈடுசெய்தால்தான் சீரிசைகள் முழுமடங்குகளாக ஒழுங்குபெறும். ஈடு பொருந்தாவிடில் சமன் தாயியும் வலிவுத் தாயியும் ஒன்றுக்கொன்று இசையா. நாகசுரக் கலைஞர் வாசிக்கும் முன் பல சீவாளிகளை மாற்றி ஊதிப் பார்ப்பதும், சீவாளி கெண்டையில் அமரும் ஆழத்தை நூல் சுற்றித் திருத்துவதும் இக்கொள்ளளவை ஒழுங்கு செய்யும் செயல்களாகும்.

விரல்துளைகளுக்குக் கீழே விரல் வைக்கப்படாத ஐந்து துளைகள் உள்ளன. அவை காற்றுத்தம்பத்தின் பயனுறு நீளத்தையும் ஒலி வெளிப்படும் முறையையும் ஒழுங்கு செய்கின்றன. வேண்டுமிடத்து மெழுகால் அவற்றைச் சற்றே அடைத்துச் சுருதியைத் திருத்துவர். நாகசுரத்தோடு இசைக்கப்படும் ஒத்து இதற்கு இன்னும் தெளிவான சான்று. ஒத்தில் விரல்துளைகள் இல்லை. கீழ்த்துளைகள் மட்டுமே உண்டு. மெழுகால் நீளம் திருத்தப்படும் ஒற்றைச் சுரக் காற்றுத்தம்பம் அது.

ஒத்தும் ஒரு குழாயாக இருப்பதன் பயனைக் காற்றின் வெப்பம் விளக்குகிறது. வெப்பநிலை 25 பாகையிலிருந்து 35 பாகைக்கு உயர்ந்தால் ஒலியின் வேகம் ஏறத்தாழ 346 மீட்டரிலிருந்து 352 மீட்டராகிறது. மார்கழி வைகறைக்கும் கோடைப் பகலுக்கும் இடையே இத்தகைய வேறுபாடு காவிரிப் படுகையில் இயல்பானது. இதனால் குழாயின் சுருதி ஓர் அரைச்சுரத்தின் கால்பங்குக்கும் சற்று மிகுதியாக உயரும். சுருதி விவாதங்களில் பேசப்படும் 81/80 என்னும் நுண்ணிடைவெளியினும் இது பெரிது. கட்டிய நரம்பு இவ்வாறு உயர்வதில்லை. உடன் ஒலிக்கும் ஒத்து அதே காற்றில் அதே திசையில் உயர்வதால், நாகசுரத்திற்கும் ஒத்திற்கும் இடையேயுள்ள உறவு பெரிதும் பிறழாது நிற்கிறது. துளைக்கருவியில் சுருதி என்பது தனி எண் அன்று, இரு காற்றுத்தம்பங்களுக்கு இடையேயான விகிதம் என்பதை இவ்வமைப்பு உணர்த்துகிறது.

5. திமிரியிலிருந்து பாரிக்கு

முன்னாளில் பெருவழக்காக இருந்தது திமிரி நாகசுரம். அது குட்டையானது, நான்கு கட்டைக்கு மேற்பட்ட உயர்ந்த சுருதியுடையது. திருவீதிகளிலும் கோயில் வெளிகளிலும் நெடுந்தொலைவு கேட்க அவ்வுயர்ந்த ஒலி உதவியது. இருபதாம் நூற்றாண்டில் நாகசுரம் சபை மேடைக்கு வந்தது; ஒலிபெருக்கி பரவியது; 1939இல் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் தொடங்கியது. தொலைவு கேட்க வேண்டும் என்னும் கட்டாயம் தளர்ந்த இச்சூழலில், தாழ்ந்த சுருதியும் ஆழ்ந்த நாதமும் உடைய பாரி நாகசுரம் முதன்மை பெற்றது. திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக விளங்கிய டி. என். இராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) பெயர் இம்மாற்றத்தோடு பிரிக்க இயலாதது.

4½ கட்டையிலிருந்து 2 கட்டைக்கு இறங்குவது நான்கு அரைச்சுரங்கள் தாழ்வது. அதற்குக் காற்றுத்தம்பம் ஏறத்தாழ 1.26 மடங்காக நீள வேண்டும். துளைகளுக்கு இடையேயுள்ள தொலைவும் அதே விகிதத்தில் விரியும். ஆனால் மனித விரல்கள் அவ்விகிதத்தில் நீள்வதில்லை. துளைகளை விரலுக்கு எட்டும்படி மேலே நகர்த்தினால் சுரம் உயரும். அதனைத் தாழ்த்தத் துளையைச் சிறிதாக்க வேண்டும். துளை சிறிதானால் நாதம் மங்கும். நீளம், துளையின் இடம், துளையின் அகலம், கூம்பின் விரிவு ஆகிய நான்கும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துகின்றன. எனவே திமிரியை அளவால் பெருக்கினால் பாரி கிடைத்துவிடாது. அது புதிய வடிவமைப்புச் சிக்கல்.

இச்சிக்கலின் கூர்முனை சுத்த மத்தியமம். முந்தைய கருவியில் மத்தியமத் துளை இயல்பாகப் பிரதி மத்தியமத்தை நோக்கியே ஒலித்தது. சுத்த மத்தியமம் வேண்டியபோது கலைஞர் உதட்டையும் மூச்சையும் தளர்த்திச் சுரத்தைத் தாழ்த்திப் பிடித்தார். தாழ்த்திப் பிடித்த சுரத்தில் நெடுநேரம் நிற்பது கடினம், நாதமும் மெலியும். தோடி, சங்கராபரணம், கரகரப்பிரியா போன்ற பேரிராகங்கள் சுத்த மத்தியமத்திற்குரியவை. இராஜரத்தினம் பிள்ளையின் புகழுக்கு அடித்தளமான தோடியும் அவற்றுள் ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி, சுத்த மத்தியமம் இயல்பாகவே ஒலிக்கும் பாரி நாகசுரத்தை இராஜரத்தினம் பிள்ளைக்காக வடித்தார். கலைஞர் மூச்சால் திருத்திவந்த குறையைக் கைவினைஞர் மரத்தில் திருத்திய நிகழ்வு இது. கலைஞரின் செவியும் கைவினைஞரின் கடைசலும் பலமுறை மாறிமாறிச் சோதித்தே இத்தகைய தீர்வை எட்ட முடியும். சமன்பாட்டிலிருந்து அது நேரே கிடைப்பதன்று.

6. கிளாரினெட்: ஒப்புமைச் சான்று

1700 அளவில் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் டென்னர் உருவாக்கியதாகக் கூறப்படும் கிளாரினெட், 19ஆம் நூற்றாண்டில் தஞ்சைப் பகுதியின் சதிர் மேளத்தில் முகவீணையின் இடத்தைப் பெற்றது. பின்னர் ஏ. கே. சி. நடராசன் போன்ற கலைஞர்களால் தவில் துணையோடு தனிக் கச்சேரிக் கருவியாகவும் உயர்ந்தது.

கிளாரினெட்டின் உள்வடிவம் பெரும்பாலும் உருளை. ஒருமுனை நாக்கால் மூடியது. எனவே ஒற்றைப்படைச் சீரிசைகளே மேலோங்குகின்றன. ஒரு விரலமைப்பில் மெதுவாக ஊதினால் குரல் ஒலிக்குமாயின், அடுத்த நிலைக்குத் தாவும்போது மேல்தாயிக் குரல் கிடைப்பதில்லை. அதற்கும் மேலுள்ள இளியே கிடைக்கிறது. ஒரு தாயியின் ஏழு சுரங்களோடு மேலும் நான்கு சுரங்களுக்கும் தனித்தனி விரலமைப்பு வேண்டும். மேலைநாட்டுக் கிளாரினெட்டில் சாவிகள் பெருகியதற்கு இது அடிப்படைக் காரணம். ஒரே பிடியை மேல்தாயியில் மீண்டும் பயன்படுத்திப் பழகிய நாகசுர விரல்கள், கிளாரினெட்டில் தாயிக்குத் தாயி வேறு பிடிகளைக் கற்க வேண்டியிருந்தது. கமகங்கள் நிறைந்த இராக ஆலாபனையை இக்கருவியில் வெளிப்படுத்திய கலைஞர்களின் சாதனையை இந்தப் பின்னணியிலேயே மதிப்பிட வேண்டும்.

இவ்வொப்புமை மற்ற இரு கருவிகளின் சிறப்பையும் விளக்குகிறது. குழலிலும் நாகசுரத்திலும் ஏழு துளைகள் போதுமானவையாக இருப்பதற்கு, சுரங்கள் ஏழு என்பது மட்டும் காரணம் ஆகாது. இரண்டாம் சீரிசை கிடைப்பதால் தாயி மீள்கிறது. தாயி மீள்வதால் துளைகள் ஏழில் நிறைவுறுகின்றன. சரப சாஸ்திரி கும்பகோணத்தில் வாசித்த குழலும், திருவிடைமருதூரில் பிறந்த டி. ஆர். மகாலிங்கம் எட்டு விரல்துளைகளோடு மாற்றியமைத்துக்கொண்ட குழலும் துளை எண்ணிக்கையிலும் விரலமைப்பிலும் வேறுபடினும், திறந்த உருளை என்னும் அடிப்படையில் ஒன்றே.

7. முடிவுரை

அடியார்க்குநல்லார் உரையில் வரும் அடைத்த முகம் குழலை மூடிய குழாயாக்குவதில்லை. முதல்வாயே காற்றுத்தம்பத்தின் திறந்த முனை. நாகசுரத்தில் சீவாளியின் முனை மூடியது. எனினும் கூம்பு வடிவத்தால் திறந்த குழாயின் சீரிசைகளை அது பெறுகிறது. ஏழு விரல், ஏழு சுரம், மூன்று தாயி என்னும் மரபு இவ்வொலியியல் அடிப்படையில் நிலைபெற்றது. துளைக்கருவிகள் பற்றிய இலக்கியச் சான்றுகளை விளக்கும்போது சொற்பொருளோடு காற்றுத்தம்பத்தின் நடத்தையையும் கருதினாலன்றி முடிவுகள் பிழைபடும்.

திமிரி பாரியான வரலாறு, கருவியின் மாற்றம் கலைஞரால் மட்டும் நிகழ்ந்ததன்று என்பதை உணர்த்துகிறது. நரசிங்கம்பேட்டை நாகசுரம் 2022இல் புவிசார் குறியீடு பெற்றது. அக்குறியீடு பெயரைக் காக்கும். உள்வடிவின் அளவுகளைக் காப்பதில்லை. இத்தொழிலில் இன்று சில குடும்பங்களே நிலைத்துள்ளன. பழைய ஆச்சா உத்திரங்களும் பழைய வீடுகளோடு அருகிவருகின்றன. கைவினைஞர் ஒப்புதலோடு கருவிகளின் உள்விட்டம், கூம்பின் விரிவு, துளைகளின் இடமும் அகலமும், சீவாளி கெண்டைகளின் கொள்ளளவு ஆகியவற்றை அளந்து, வாசிக்கும்போதுள்ள வெப்பநிலையோடு பதிவு செய்வது உடனடித் தேவை. அடியார்க்குநல்லார் விரற்கணக்கில் தந்த அளவுகளால்தான் பழந்தமிழ்க் குழலை இன்றும் கணக்கிட்டு ஆராய முடிகிறது. நாகசுரத்திற்கும் அத்தகைய அளவுப் பதிவு வேண்டும்.